மூச்சை இழுக்காதீங்க... விடுங்க!

ஆஸ்துமாக்காரர்களுக்கு பிசியோதெரபி எதைச் செய்யும்? எதைச் செய்யாது?

வீட்டில் ஒருவருக்கு இளைப்பு வந்துவிட்டால், சுற்றி நிற்கிற அத்தனை பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வோம். "நல்லா மூச்சை இழு தாயி... இன்னும் இழு!" அப்பத்தா முதுகைத் தடவிக்கொண்டே சொல்வார். அப்பா ஃபேனை வேகமாக வைத்துவிட்டுச் சொல்வார். சத்தம் கேட்டு ஓடி வருகிற பக்கத்து வீட்டு அக்காவும் அதையேதான் சொல்வார். பாவம், அந்தப் பிள்ளையும் கழுத்து நரம்பு புடைக்க, தோளைத் தூக்கித் தூக்கி இழுத்துப் பார்க்கும். காற்று உள்ளே போகவே போகாது.

ஏன் போகவில்லை? உள்ளே இடம் இல்லை. ஏற்கெனவே போன காற்று இன்னும் வெளியே வரவில்லை!

ஆமாம். ஆஸ்துமாவில் காற்றை உள்ளே இழுப்பதைவிட, வெளியே விடுவதுதான் பெரிய பாடு. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் போதும், பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருகிற மூச்சுப் பயிற்சிகள் எதற்காக என்பது தானாகவே விளங்கிவிடும்.

ஆஸ்துமா இல்லாதவர்கள் ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். (ஆஸ்துமா உள்ளவர்கள் செய்ய வேண்டாம். உங்களுக்கு இந்த அனுபவம் ஏற்கெனவே உண்டு.) நெஞ்சு நிறைய மூச்சை இழுங்கள். அதில் கொஞ்சமே கொஞ்சம் வெளியே விட்டுவிட்டு மறுபடி இழுங்கள். மறுபடி கொஞ்சம் விட்டு, மறுபடி இழுங்கள். நாலாவது தடவையிலேயே 'போதும்டா சாமி' என்று ஆகிவிடும். இளைப்பு வந்தவர் இப்படித்தான் மணிக்கணக்கில் தவிக்கிறார்.

குழாய்க்குள் என்ன நடக்கிறது?

நம்முடைய மூச்சுக்குழாய் தலைகீழாகக் கவிழ்த்த மரம் மாதிரி. அடிமரம் தொண்டையில். அங்கிருந்து இரண்டாக, நாலாக, எட்டாக, இருபது தடவைக்கும் மேல் கிளை பிரிந்து நுரையீரலின் காற்றுப் பைகளில் போய் முடிகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்தக் குழாய்களின் உட்சுவர் எப்போதும் கொஞ்சம் புண்பட்டு, வீங்கியே இருக்கும். தூசியோ, புகையோ, பனியோ பட்டதும் மூன்று விஷயங்கள் சேர்ந்து நடக்கும். குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும். உட்சுவர் இன்னும் வீங்கும். கெட்டியான கோழை சுரந்து வழியை அடைக்கும்.

மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கூடு விரிகிறது. கூடவே குழாய்களும் கொஞ்சம் விரிந்துகொடுக்கும். மூச்சை விடும்போது நெஞ்சுக்கூடு சுருங்குகிறது. குழாய்களும் சேர்ந்து சுருங்கும். அதனால்தான் 'கீச் கீச்' என்கிற விசில் சத்தம் பெரும்பாலும் மூச்சு விடும்போது முதலில் கேட்கிறது. அதனால்தான் காற்று உள்ளேயே தங்கிவிடுகிறது.

இதன் விளைவு உதரவிதானத்தில் தெரியும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே, கவிழ்த்துவைத்த கிண்ணம் மாதிரி இருக்கிற பெரிய தசை அது. நம் மூச்சின் பெரும்பங்கு வேலையை அதுதான் செய்கிறது. சுருங்கிக் கீழே இறங்கும்போது காற்று உள்ளே வரும். நுரையீரலில் காற்று தேங்கிவிட்டால் இந்தக் கிண்ணம் ஏற்கெனவே தட்டையாகக் கிடக்கும். மேற்கொண்டு எங்கே இறங்குவது? உடனே கழுத்துத் தசையும் தோள் தசையும் அந்த வேலையை எடுத்துக்கொள்கின்றன. ஓடிப்போய் பஸ் பிடிக்கும்போது உதவுவதற்கென்று இருக்கிற தசைகள் அவை. நாள் முழுக்க அவற்றை வேலை வாங்கினால் கழுத்து வலி, தோள் வலி, சீக்கிரமே அசதி.

குழாய் சரியானாலும் பழக்கம் போகாது

இங்கேதான் பலருக்கும் தெரியாத இன்னொரு விஷயம் இருக்கிறது. மருந்தால் குழாய் விரிந்துவிடும். ஆனால் வருஷக்கணக்கில் பழகிய அந்த வேக மூச்சு போகாது. வாயால் மூச்சு, நெஞ்சின் மேல் பாகத்தால் மூச்சு, நடுநடுவே ஒரு பெருமூச்சு என்று அப்படியே நின்றுவிடும்.

சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். ஒவ்வொரு தடவையும் சுமார் அரை லிட்டர் காற்று. அதாவது 15 தடவை என்றால் நிமிஷத்துக்கு ஏழரை லிட்டர். உட்கார்ந்திருக்கும்போது உடம்புக்கு அவ்வளவு போதும். அதைவிட அதிகமாக இழுத்து இழுத்து விட்டால் ரத்தத்தில் இருக்கவேண்டிய கரியமில வாயு குறைந்துபோகும். விரல் நுனி மரத்துப்போகும், உதடு குறுகுறுக்கும், தலை கிறுகிறுக்கும், 'இன்னும் மூச்சு பத்தலையே' என்று தோன்றும். பயம் வரும். பயத்தில் மூச்சு இன்னும் வேகமாகும்.

பிரிட்டனில் ஆஸ்துமாவுக்கு சிகிச்சை பெறுபவர்களிடம் நடத்தப்பட்டு 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், பத்துப் பேரில் சுமார் மூன்று பேருக்கு இந்த மாதிரி தவறான மூச்சுப் பழக்கத்தின் அறிகுறிகள் தெரிந்தன. பெண்களிடம் இது இன்னும் அதிகம். ஆக, ஆஸ்துமாக்காரருக்கு வருகிற மூச்சுத் திணறல் அத்தனையும் குழாய் சுருங்கியதால் வருவது என்று சொல்ல முடியாது. ஒரு பங்கு, மூச்சு விடுகிற விதத்தால் வருவது. மருந்து முதல் பங்கைத்தான் கவனிக்கும். இரண்டாவது பங்கைத்தான் பிசியோதெரபிஸ்ட் சரி செய்கிறார்.

மதுரைக் காற்று

நம்ம ஊரில் ஆஸ்துமாவைக் கிளறிவிடக் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. வைகையில் தண்ணீர் இல்லாத மாதங்களில் மண்ணும் தூசியும். கண்மாய்க் கரை, ரோட்டோரம் எல்லாம் மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலத்தின் மகரந்தம். மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் அறுவடை நேரத்தில் வைக்கோல் தூசி. மார்கழிப் பனி, அதன் முடிவில் போகிப் புகை. வெளியே போகாவிட்டால் தப்பிக்கலாமா என்றால், வீட்டுக்குள்ளேயே கொசுவத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, மிளகாய் வத்தல் வறுக்கிற நெடி, பழைய இலவம்பஞ்சு மெத்தை, தலையணைத் தூசி!

மதுரை மில் ஊரும்கூட. பஞ்சுத் தூசியில் பல வருஷம் வேலை பார்த்த பெரியவர் வீட்டில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். வார லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாளில் மட்டும் நெஞ்சு இறுகுவதாகச் சொல்லியிருக்கிறாரா? அது 'பிஸினோசிஸ்' என்கிற பஞ்சுத் தூசி நோயாக இருக்கலாம். ஆஸ்துமா மாதிரியே தோன்றும். எந்த மில்லில், எந்தப் பிரிவில், எத்தனை வருஷம் வேலை என்பதை டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

இதனால்தான் முதலில் டாக்டர், பிறகுதான் பிசியோதெரபிஸ்ட். ஊதிப் பார்க்கிற 'ஸ்பைரோமெட்ரி' பரிசோதனை செய்து, இது ஆஸ்துமாதானா, இதயக் கோளாறா, சிகரெட்டால் வந்த நுரையீரல் நோயா என்று தெரிந்துகொண்ட பிறகே பயிற்சி.

"முதுகு வலிக்குத்தானே பிசியோதெரபி?"

அப்படித்தான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூட்டு வலி, இடுப்பு வலி, பக்கவாதம் என்றால்தான் பிசியோதெரபி ஞாபகம் வரும். ஆனால் நெஞ்சுக்கான பிசியோதெரபி என்று ஒரு தனிப் பிரிவே உண்டு. அவர் உங்களை உட்கார வைத்து, மூச்சு எங்கிருந்து வருகிறது, வயிறு அசைகிறதா, தோள் தூக்குகிறதா, பேசும்போது எத்தனை வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குகிறீர்கள், இன்ஹேலரை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று பார்ப்பார். அதற்குத் தகுந்த மாதிரி பயிற்சி.

இது வெறும் நம்பிக்கையா, நிரூபணம் ஏதாவது உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அதில் நம் நாட்டுக்கும் பங்கு இருக்கிறது.

1985-ல் பெங்களூரைச் சேர்ந்த டாக்டர் நாகரத்னாவும் நாகேந்திராவும் ஓர் ஆய்வை பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 53 ஆஸ்துமா நோயாளிகளுக்கு இரண்டு வாரம் ஆசனம், மெதுவான மூச்சுப் பயிற்சி, தியானம் எல்லாம் சேர்த்துக் கற்றுக் கொடுத்தார்கள். அதே வயது, அதே அளவு நோய் உள்ள இன்னும் 53 பேர் வழக்கமான மருந்தை மட்டும் தொடர்ந்தார்கள். பயிற்சி செய்தவர்களுக்கு இளைப்பு வருகிற தடவைகள் குறைந்தன. மருந்தின் தேவையும் குறைந்தது.

1990-ல் ஜெய்ப்பூர் டாக்டர் வீரேந்திர சிங்கும் அவருடன் சேர்ந்தவர்களும் 'லான்செட்' இதழில் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். அதில் ஒரு சின்னக் கருவி. அதன் வழியாக மூச்சு விட்டால் மெதுவாகத்தான் விட முடியும். இழுக்கிற நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் விட்டாக வேண்டும். ஜெய்ப்பூருக்கு 'பிங்க் சிட்டி' என்று பெயர் இருப்பதால் கருவிக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள்! லேசான ஆஸ்துமா உள்ள 18 பேர் இரண்டு வாரம் அந்தக் கருவியிலும், அதே மாதிரி தோற்றம் உள்ள டம்மிக் கருவியிலும் தினமும் இரண்டு வேளை பயிற்சி செய்தார்கள். நிஜக் கருவியில் பயிற்சி செய்தபோது அவர்களுடைய மூச்சுக்குழாயின் 'தொட்டால் சிணுங்கித்தனம்' கொஞ்சம் குறைந்திருந்தது.

மூன்றாவது, 2018-ல் பிரிட்டனில் வெளியான பெரிய ஆய்வு. 655 ஆஸ்துமா நோயாளிகள். ஒரு பிரிவினருக்கு பிசியோதெரபிஸ்ட் நேரில் மூன்று தடவை சொல்லிக் கொடுத்தார். இன்னொரு பிரிவினருக்கு அதே பாடம் வீடியோவாகவும் கையேடாகவும் தரப்பட்டது. மூன்றாவது பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், பயிற்சி பெற்ற இரண்டு பிரிவினரின் அன்றாட வாழ்க்கையும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. ஆனால் ஊதிப் பார்க்கிற பரிசோதனையில் வித்தியாசம் இல்லை. குழாயின் உள்வீக்கமும் குறையவில்லை.

இந்தக் கடைசி இரண்டு வரியை இன்னொரு தடவை படியுங்கள். பயிற்சியால் ஆள் தெம்பாகிறார். வீக்கம் அப்படியே இருக்கிறது. வீக்கத்தைக் குறைக்க இன்ஹேலர் மருந்துதான் வேண்டும். "மூச்சுப் பயிற்சி ஆரம்பிச்சுட்டேன், நல்லா இருக்கு, பஃபை நிறுத்திட்டேன்" என்று சொல்கிறவர்களை நினைத்துத்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று தோன்றும். உள்ளே வீக்கம் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். ஒரு பனி ராத்திரி போதும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் உலகம் முழுக்க சுமார் 26 கோடிப் பேருக்கு ஆஸ்துமா இருந்தது. அந்த ஒரு வருஷத்தில் சுமார் நாலரை லட்சம் பேர் அதனால் இறந்தார்கள். பெரும்பாலான மரணங்கள் சரியான மருந்து போய்ச் சேராத நாடுகளில்தான்.

செய்து பார்க்கலாம், வாருங்கள்

எல்லாப் பயிற்சியையும் மூச்சு சாதாரணமாக இருக்கும் நேரத்தில் பழக வேண்டும். வெள்ளம் வந்த பிறகு நீச்சல் கற்றுக்கொள்ள முடியாது! சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். தலை சுற்றினால் உடனே நிறுத்தி, சாதாரணமாக மூச்சு விடுங்கள். முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்து காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

1. தோளை இறக்குங்கள்: முதுகு சாய்கிற நாற்காலியில் உட்காருங்கள். கைகளை மடியில் தளர்வாக வையுங்கள். தோளைக் காது வரை தூக்கி, 'தொப்'பென்று இறக்குங்கள். ஐந்து தடவை. பிறகு தோளை முன்னும் பின்னும் சுழற்றுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் தாடையையும் தளர்த்துங்கள்.

2. வயிற்று மூச்சு: ஒரு கை நெஞ்சின் மேல், இன்னொரு கை தொப்புளுக்கு மேல். மூக்கு வழியாக மெதுவாக மூச்சை உள்ளே விடுங்கள். வயிற்றுக் கை மேலே வர வேண்டும். நெஞ்சுக் கை கூடியவரை அசையக்கூடாது. வயிற்றை வேண்டுமென்றே தள்ளக்கூடாது. தூங்குகிற கைக்குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி. பழகும்வரை மல்லாந்து படுத்துச் செய்யலாம். காலையும் மாலையும் ஐந்து நிமிஷம்.

3. உதடு குவித்து ஊதுதல்: மூக்கு வழியாக 'ஒண்ணு, ரெண்டு' எண்ணி மூச்சை உள்ளே வாங்குங்கள். சூடான ரசத்தை ஆற்றுகிற மாதிரி உதட்டைக் குவித்து 'ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு' என்று எண்ணி விடுங்கள். எதிரே ஓர் அகல் விளக்கு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சுடர் ஆட வேண்டும், அணையக்கூடாது. விறகடுப்பை ஊதாங்குழலால் ஊதுகிற வேகம் வேண்டவே வேண்டாம். இது ஏன் உதவுகிறது தெரியுமா? செடிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற டியூப்பின் வாயை விரலால் லேசாக மறைத்தால் டியூப் முழுக்க உப்பி நிற்கிறது அல்லவா? அதே மாதிரி, உதட்டைக் குவிக்கும்போது உள்ளே ஏற்படுகிற லேசான அழுத்தம் சின்னக் குழாய்கள் ஒட்டிக்கொள்ளாமல் திறந்துவைக்கிறது. தேங்கிய காற்று வெளியேறுகிறது. மாடி ஏறும்போது, தண்ணீர்க் குடம் தூக்கும்போது, திருப்பரங்குன்றம் மலைப்படி ஏறும்போதும் இதைப் பயன்படுத்தலாம். மூச்சை விட்டுக்கொண்டே படி ஏறுங்கள், நின்று வாங்குங்கள்.

4. மெதுவான மூக்கு மூச்சு: மூக்குதான் தூசியை வடிகட்டுகிறது, பனிக்காற்றைச் சூடாக்குகிறது, ஈரமாக்குகிறது. வாய்க்கு அந்த வேலை தெரியாது. டி.வி. பார்க்கும்போது, பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சு விட்டுப் பழகுங்கள். ஆழமாக இழுக்காதீர்கள். விட்டு முடித்ததும் ஒரு விநாடி சும்மா இருந்துவிட்டு அடுத்த மூச்சை வாங்குங்கள். மூக்கடைப்பு இருந்தால் அதற்கு முதலில் வைத்தியம் பாருங்கள்.

5. கோழையை வெளியேற்ற: 'கர் கர்' என்று இருமி இருமித் தொண்டையைப் புண்ணாக்க வேண்டாம். நிதானமாக நாலைந்து வயிற்று மூச்சு. பிறகு நடுத்தர அளவு மூச்சு வாங்கி, வாயைத் திறந்து 'ஹா...' என்று விடுங்கள். மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆவி ஊதுவோமே, அதே மாதிரி, கொஞ்சம் வேகமாக. ஒன்று அல்லது இரண்டு தடவை போதும். மறுபடி நிதான மூச்சு. கோழை மேலே வந்த பிறகு ஒரு இருமல் இருமினால் வந்துவிடும். இளைப்புச் சத்தம் அதிகமானால் நிறுத்திவிடுங்கள்.

6. நடை: "ஆஸ்துமா இருக்கு, நடக்காதே" என்பது பழைய கதை. நோய் கட்டுக்குள் இருந்தால் நடக்கத்தான் வேண்டும். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றியோ, ரேஸ்கோர்ஸ் மைதானத்திலோ முதல் பத்து நிமிஷம் மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக, கடைசி ஐந்து நிமிஷம் மறுபடி மெதுவாக. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையைத் தவிர்த்து வெயில் வந்த பிறகோ சாயங்காலமோ போகலாம். மூக்கையும் வாயையும் துண்டால் மூடிக்கொள்ளலாம். நடந்தால் இளைப்பு வருகிறவர்கள், முன்னதாக எந்த இன்ஹேலரை எடுத்துக்கொள்ளலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இழுக்க வேண்டிய ஒரே இடம்

இன்ஹேலர்! இத்தனை நேரம் 'விடுங்கள், விடுங்கள்' என்று சொன்னோம். இங்கே மட்டும் நன்றாக இழுக்க வேண்டும். குலுக்கி, மூச்சை முழுக்க விட்டுவிட்டு, வாயில் வைத்து அழுத்துகிற அதே நேரத்தில் மெதுவாக, ஆழமாக இழுங்கள். பத்து விநாடி மூச்சை நிறுத்தி, பிறகு விடுங்கள். (பவுடர் வகைக் கருவி என்றால் மட்டும் வேகமாக இழுக்க வேண்டும்.) பலருக்கும் அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றுசேராது, மருந்து நாக்கில் படிந்துவிடும். அதற்குத்தான் 'ஸ்பேசர்' என்கிற குடுவை. குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் அது கட்டாயம். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள்.

"பஃப் எடுத்தா பழகிடுமாமே?" என்ற பயம் வேண்டாம். அதில் இருப்பது மிகக் குறைந்த அளவு மருந்து. நேராக நுரையீரலுக்கே போகிறது. இன்னொரு விஷயம். திணறும்போது மட்டும் உடனடி நிவாரண இன்ஹேலர் எடுத்து, மற்ற நாளில் சும்மா இருக்கிற பழக்கம் ஆபத்து. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அந்த ஒன்றை மட்டும் தரக்கூடாது, வீக்கத்தைக் குறைக்கிற ஸ்டீராய்டும் சேர்ந்திருக்க வேண்டும் என்று 'ஜினா' எனப்படும் உலக ஆஸ்துமா அமைப்பு 2019-லிருந்து சொல்லிவருகிறது. நீங்கள் எடுப்பது எந்த வகை என்று அடுத்த தடவை டாக்டரிடம் கேளுங்கள்.

இளைப்பு வந்தேவிட்டால்...

படுக்க வைக்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே மேஜையில் இரண்டு தலையணை போட்டு, அதன்மேல் முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் முன்னால் சாயட்டும். மேஜை இல்லாவிட்டால் முழங்கைகளைத் தொடையில் ஊன்றலாம். ரோட்டில் என்றால் சுவரில் முதுகைச் சாய்த்து, காலைக் கொஞ்சம் முன்னால் வைத்து நிற்கலாம். கையை எங்காவது ஊன்றினால் தோள் தசைகளுக்கு ஒரு பிடிப்பு கிடைக்கும். மூச்சு விடுவது சுலபமாகும். சுற்றிக் கூட்டம் கூடாதீர்கள். சட்டைப் பட்டனைத் தளர்த்துங்கள்.

உடனே, டாக்டர் எழுதிக் கொடுத்த அளவில் நிவாரண இன்ஹேலர், முடிந்தால் ஸ்பேசரோடு. அது முதல் வேலை. இன்ஹேலர் எடுத்தபடியே, நடுநடுவே உதடு குவித்து மெதுவாக விடச் சொல்லுங்கள். "இழு" என்று சொல்லாதீர்கள். "மெதுவா ஊது, பயப்படாதே" என்று சொல்லுங்கள்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியை மறந்துவிட்டு 108-க்கு போன் செய்யுங்கள்:

ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை.
உதடு, நகம் நீலமாகிறது.
இன்ஹேலர் எடுத்தும் திணறல் குறையவில்லை, அல்லது குறைந்து நாலு மணி நேரத்துக்குள் மறுபடி வருகிறது.
விலா இடுக்கும் கழுத்துக் குழியும் உள்ளே இழுக்கிறது.
ஆள் சோர்ந்து, தூக்கக் கலக்கமாகிறார்.
இருந்த விசில் சத்தம் திடீரென்று நின்றுபோய், ஆனால் திணறல் மட்டும் தொடர்கிறது. (சத்தம் நின்றதும் 'சரியாயிடுச்சு' என்று நினைத்துவிடாதீர்கள். விசிலடிக்கக்கூடக் காற்று போகவில்லை என்று அர்த்தம்!)

ஆம்புலன்ஸ் வரும்வரை இன்ஹேலரைத் தொடருங்கள்.

சில சந்தேகங்கள்

"கொரோனா சமயத்துல வாங்கின மூணு பந்துக் கருவி வீட்ல இருக்கே, அதை இழுத்தா போதுமா?"
அது ஆபரேஷன் ஆனவர்களும் படுக்கையில் இருப்பவர்களும் ஆழமாக மூச்சை இழுத்துப் பழகுவதற்கான கருவி. ஆஸ்துமாக்காரருக்கு மூச்சை விடுவதில்தான் சிரமம். அதனால் இது அவருக்கான சிகிச்சை அல்ல.

"பிராணாயாமம் செய்யலாமா?"
மெதுவான வகைகளைச் செய்யலாம். மேலே சொன்ன முதல் இரண்டு ஆய்வுகளின் சாரமே அதுதான். ஆனால் கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகவேகமாக மூச்சை அடித்து விடுகிற வகைகள் சிலருக்கு இளைப்பைக் கிளப்பிவிடும். நோய் கட்டுக்குள் இல்லாதவர்கள் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. மூச்சை நீண்ட நேரம் அடக்குவதும் வேண்டாம்.

"ஏழு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் புரியுமா?"
பயிற்சி என்று சொன்னால் ஓடிவிடும். விளையாட்டு என்று சொல்லுங்கள். சோப்பு நுரைக் குமிழி ஊதுவது, காகிதக் காற்றாடியை ஊதிச் சுற்ற வைப்பது, மேஜைமேல் பஞ்சு உருண்டையை ஊதித் தள்ளுவது எல்லாமே நிதானமாக மூச்சை விடப் பழக்குகிற விளையாட்டுகள். வயிற்று மூச்சுக்கு, படுத்திருக்கும்போது தொப்புள்மேல் ஒரு பொம்மையை வைத்து அதை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள்.

"கர்ப்பமா இருக்கேன், மருந்தை நிறுத்திட்டு பயிற்சி மட்டும் செய்யலாமா?"
கூடவே கூடாது. அம்மாவுக்கு மூச்சுத் திணறினால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆக்சிஜன் குறையும். டாக்டர் மேற்பார்வையில் இன்ஹேலரைத் தொடருங்கள். உட்கார்ந்தபடி மெதுவான மூச்சுப் பயிற்சியும் செய்யலாம்.

"செலவாகுமே?"
மதுரை பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில், நெஞ்சக நோய்ப் பிரிவும் பிசியோதெரபிப் பிரிவும் இருக்கின்றன. தோப்பூரில் நெஞ்சக நோய்களுக்கென்றே அரசு மருத்துவமனை உண்டு. நடமாட முடியாத முதியவர் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பற்றி உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். வீட்டுக்கே வருகிற பிசியோதெரபியும் அதில் ஒரு பகுதி.

எத்தனை நாளில் பலன்?

இரண்டு வாரத்தில் மூச்சு கொஞ்சம் நிதானப்படுவது தெரியும். பழக்கமாவதற்கு இரண்டு, மூன்று மாதம் ஆகும். ஒரு நாப்பது பக்க நோட்டு போடுங்கள். தினமும் நாலு விஷயம் மட்டும்: ராத்திரி இளைப்பால் எழுந்தாரா? நிவாரண இன்ஹேலர் எத்தனை தடவை? எதனால் இளைப்பு வந்தது? பயிற்சி செய்தாரா? மருந்துக் கடைகளில் கிடைக்கிற 'பீக் ஃப்ளோ மீட்டர்' என்ற சின்ன ஊதுகருவி இருந்தால், காலையில் ஊதிப் பார்த்த எண்ணையும் எழுதுங்கள். உங்களுடைய சிறந்த எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் கவனம் தேவை. பாதிக்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரி.

மூன்று மாதம் கழித்து அந்த நோட்டை டாக்டர் முன்னால் வையுங்கள். ராத்திரி நிம்மதியான தூக்கமும், நிவாரண இன்ஹேலரின் தேவை குறைந்திருப்பதும் அதில் தெரிந்தால், மருந்தின் அளவைக் குறைக்கலாமா என்று அவரே முடிவு செய்வார். அந்த முடிவை மட்டும் நீங்களாக எடுத்துவிடாதீர்கள்.